போர் ஓய்ந்த நாட்டில் முதல் தேர்தல் எப்போது நடக்க வேண்டும்?

எழுத்தாணி எழுதியது:

உள்நாட்டுப் போர் ஓய்ந்ததும் ஓரிரு ஆண்டுகளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது கடந்த முப்பது ஆண்டுகளாக எழுதப்படாத விதியாகவே இருந்துவருகிறது. நிதி தரும் நாடுகளுக்கு இது வசதி, ஏனென்றால் வாக்கு எண்ணி முடிந்ததும் வேலை முடிந்தது என்று படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். இந்த அவசரமே பல இடங்களில் அமைதியைக் குலைத்தது என்பது என் கருத்து.

அங்கோலாவைப் பாருங்கள். 1975இல் தொடங்கிய போரை நிறுத்த 1991 மே மாதம் பிசெஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசுப் படையையும் யுனிட்டா கிளர்ச்சிப் படையையும் கலைத்து ஒரே தேசியப் படையாக்கிய பிறகு தேர்தலுக்குப் போவது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் 1992 செப்டம்பர் இறுதியில் மக்கள் வாக்களித்தபோது அந்த வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. மேற்பார்வைக்கு ஐநா அனுப்பிய இராணுவப் பார்வையாளர்கள் 350 பேர்தான். அவர்களிடமும் ஆயுதம் இல்லை. அந்தப் பணிக்குழுவின் தலைவர் மார்கரெட் ஆன்ஸ்டீ, தமக்கு அதிகாரம் அளித்த தீர்மானத்தின் எண் 747 என்பதை வைத்தே, 747 ரக விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டு சிறிய டிசி-3 விமானத்துக்கான எரிபொருளைத் தந்திருக்கிறார்கள் என்று கசப்போடு குறிப்பிட்டார். முதற்சுற்றில் அதிபர் டோஸ் சாந்தோஸ் ஏறத்தாழ 49.6 விழுக்காடும் யுனிட்டா தலைவர் சவிம்பி 40 விழுக்காடும் பெற்றனர். சவிம்பி மோசடி என்றார், புதிய கூட்டுப்படையில் இருந்த தம் தளபதிகளை வெளியே இழுத்துக்கொண்டார். இரண்டாம் சுற்று நடக்கவே இல்லை. 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும் வரை, இடையில் கிடைத்த சிறு இடைவெளிகள் போக, அந்த நாடு போரில்தான் இருந்தது.

அதே காலத்தில் மொசாம்பிக் என்ன செய்தது? 1992 அக்டோபரில் உரோம் நகரில் ஒப்பந்தம் செய்தது. ஓராண்டுக்குள் தேர்தல் என்று அதிலும் இருந்தது. ஆனால் அங்கோலாவின் கதியைக் கண்ட ஐநா, படைகள் கலைக்கப்படும் வரை பொறுப்போம் என்று தேர்தலை 1994 அக்டோபருக்குத் தள்ளிவைத்தது. ஆயிரக்கணக்கான அமைதி காக்கும் படையினரையும் அனுப்பியது. தேர்தல் நடந்தது, தோற்றவர் காட்டுக்குத் திரும்பவில்லை. ஆயுதம் ஒடுங்கிய பிறகுதான் வாக்குச்சீட்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுகரை எழுதியது:

எழுத்தாணி அவர்களே, தள்ளிவைப்பது என்று சொல்லும்போது ஒரு கேள்வியை விட்டுவிடுகிறீர்கள். தள்ளிவைத்த காலத்தில் ஆள்பவர் யார்? பெரும்பாலும், எந்தத் துப்பாக்கிகளுக்கு அஞ்சித் தேர்தலைத் தள்ளிவைக்கிறீர்களோ அதே துப்பாக்கிகளை வைத்திருப்பவர்கள்தான். எரித்திரியா 1993இல் தனிநாடானது. 1997இல் அரசியல் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை, தேசியத் தேர்தலும் நடக்கவில்லை. தெற்கு சூடானில் 2018 அமைதி ஒப்பந்தத்தின்படி நடக்க வேண்டிய தேர்தல் முதலில் 2024 டிசம்பருக்கும், பிறகு 2026 டிசம்பருக்கும் ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம், படைகள் இன்னும் ஒன்றிணையவில்லை என்பதுதான். படைகளை ஒன்றிணைக்க வேண்டியவர்கள் யார் என்றால், ஒன்றிணையாதவரை பதவியில் இருக்கப்போகிறவர்கள். மாணவனிடமே தேர்வுத் தேதியைக் குறிக்கச் சொன்னால் அவன் எந்த ஆண்டைக் குறிப்பான்?

அங்கோலாவின் சிக்கல் தேதியில் இல்லை, பந்தயத்தில் இருந்தது. வென்றவருக்கு எல்லாம், தோற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் பதினாறு ஆண்டுகள் சண்டையிட்டவரை நிறுத்தினார்கள். தோற்றால் அவருக்கு என்ன பங்கு என்பது அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தள்ளி நடத்தியிருந்தாலும் சவிம்பி தோற்றிருப்பார், தோற்றவுடன் இதையேதான் செய்திருப்பார்.

கலங்கரை எழுதியது:

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். யுனிட்டாவின் கையில் வைரச் சுரங்கங்கள் இருந்தன. யாருடைய தயவும் இல்லாமல் போரை நடத்தும் அளவுக்கு அவற்றிலிருந்து வருமானம் வந்தது. மொசாம்பிக்கின் கிளர்ச்சிப் படையான ரெனாமோவுக்கு அப்படி எதுவும் இல்லை. அதை வளர்த்துவிட்ட தென்னாப்பிரிக்கா கைவிட்டுவிட்டது, நாட்டில் கடும் வறட்சி வேறு. பணம் ஐநா மூலமாக வந்தது. ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே தனி அறக்கட்டளை நிதி ஒன்று அமைக்கப்பட்டு, ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுக்கப்பட்டது. காட்டுத் தளபதிகளுக்கு அலுவலகமும் காரும் நல்ல உடுப்பும் கிடைத்தன. கொச்சையாகச் சொன்னால் விலைக்கு வாங்கினார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

1994 தேர்தலுக்கு முந்தைய இரவில் ரெனாமோ தலைவர் தலகாமா புறக்கணிப்பு அறிவித்தார். பிறகு பேசிச் சமாதானப்படுத்தி அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள், வாக்குப்பதிவு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. ஆக, அந்த இரண்டு ஆண்டுத் தவணை மட்டும் அவரைக் கட்டிப்போடவில்லை. திரும்பிப் போனால் சோற்றுக்கு வழியில்லை என்பதும், இங்கே இருந்தால் உண்டு என்பதும் சேர்ந்தே கட்டிப்போட்டன.

எழுத்தாணி எழுதியது:

கலங்கரை சொன்ன வைரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுகரையின் வாதத்துக்கு லைபீரியா விடை சொல்கிறது. அங்கே 1997 ஜூலையில் அவசரத் தேர்தல் நடந்தது. போரைத் தொடங்கிய கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லர் ஏறத்தாழ 75 விழுக்காடு வாக்கு பெற்றார். ‘என் தாயைக் கொன்றான், என் தந்தையைக் கொன்றான், ஆனாலும் அவனுக்கே போடுவேன்’ என்று அந்தத் தேர்தலில் இளைஞர்கள் பாடித் திரிந்தார்கள். அன்பினால் விழுந்த வாக்குகள் அல்ல அவை. தோற்றால் மறுபடி போருக்குப் போவான் என்ற கணக்கில் விழுந்தவை. இரண்டே ஆண்டுகளில் போர் திரும்பியது, 2003இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஆயுதம் ஏந்தியவரை நிறுத்தி வைத்துக்கொண்டு வாக்கு கேட்டால், மக்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அச்சத்துக்குக் கப்பம் கட்டுவார்கள்.

பனையோலை எழுதியது:

லைபீரியாவை எடுத்ததால் சொல்கிறேன். ‘ஆயுதம் ஒடுங்கிய பிறகு’ என்று எழுத்தாணி எளிதாக எழுதிவிட்டார். அது ஒடுங்கியதை அளப்பது எப்படி?

2003 டிசம்பரில் தலைநகர் மன்ரோவியாவுக்கு அருகே முதல் முகாம் திறக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைப்பவருக்கு இரண்டு தவணையாக 300 டாலர் என்று அறிவிப்பு. ஏற்பாடு செய்திருந்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் வந்து குவிந்தது. பணத்தை உடனே கேட்டுக் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. பத்து நாள்களில் திட்டத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. தொடக்கத்தில் போராளிகள் 38,000 பேர் என்று கணித்திருந்தார்கள். முடிவில் பதிவானவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல், வந்து சேர்ந்த துப்பாக்கிகள் 28,000 சொச்சம். எப்படி இது நடந்தது? ஒரு துப்பாக்கி அல்லது 150 தோட்டாக்கள் இருந்தால் போராளி என்று ஏற்றுக்கொள்வது விதி. தளபதிகள் தோட்டாக்களைப் பங்கு வைத்துத் தம் உறவினருக்கும் வேண்டியவருக்கும் கொடுத்து வரிசையில் நிற்கவைத்தார்கள். உண்மையிலேயே போரிட்டவர்களில் சிலர், குறிப்பாகச் சமையலுக்கும் சுமை தூக்கவும் பிடித்துச் செல்லப்பட்ட சிறுமிகள், கையில் காட்ட எதுவும் இல்லாமல் வெளியே நின்றார்கள்.

ஆகவே ஆயுதக் களைவு முடிந்தது என்று ஒரு சான்றிதழ் எழுதி, அதைக் காட்டித் தேர்தலைத் திறக்கலாம் என்று நினைத்தால், அந்தச் சான்றிதழில் இருக்கும் எண்ணே கேள்விக்குரியது.

நடுநிசி வாசகன் எழுதியது:

அப்படியானால் ஆயுதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறீர்களா, பனையோலை?

பனையோலை எழுதியது:

இல்லை ஐயா. துப்பாக்கியைவிட அதைப் பிடித்திருந்த ஆளைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்கிறேன். மொசாம்பிக்கில் சுமார் 90,000 வீரர்கள் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுக்கப்பட்டது. அது முகாமிலோ தளபதியின் கையாலோ கொடுக்கப்படவில்லை. எந்த மாவட்டத்தில் குடியேற விரும்புகிறேன் என்று அவன் சொன்னானோ, அந்தப் பகுதியின் வங்கிக் கிளையில் சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். திட்டம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மாதாமாதம் காசு வாங்க அவன் தன் ஊர்ப்பக்கம் போயாக வேண்டும், தளபதியை விட்டு விலகியாக வேண்டும். ஒரு சொல் உபதேசம் இல்லாமல் படை கலைந்தது.

நேர்மாறாக ஈராக்கில் 2003 மே 23 அன்று அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தார் ஓர் ஆணையில் இராணுவத்தையே கலைத்தார்கள். ஏறத்தாழ 4 இலட்சம் பேர், சம்பளம் இல்லை, வேலை இல்லை, பயிற்சியும் ஆயுதமும் இருந்தன. ஒரு மாதம் கழித்து உதவித்தொகை தருகிறோம் என்று அறிவித்தபோது அவமானம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

நடுநிசி வாசகன் எழுதியது:

விடைக்கு நன்றி. கிழக்குத் திமோரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தேர்தல்கள் ஒழுங்காகத்தான் நடந்தன, 2002 மே மாதம் விடுதலையும் வந்தது. 2006இல் பாகுபாடு காட்டுவதாக முறையிட்டு முகாமை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 600 படைவீரர்களைப் பணிநீக்கம் செய்தார்கள். சில வாரங்களில் தலைநகர் தீப்பற்றியது, ஒன்றரை இலட்சம் பேர் வரை வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள், வெளிநாட்டுப் படைகள் திரும்பி வர வேண்டியதாயிற்று.

வெண்மணி எழுதியது:

இவ்வளவு நேரமாக இந்த இழையில் ஆயுதம் ஏந்தியவர்களின் சம்பளம், அவர்களின் அலுவலகம், அவர்களின் அவமானம் ஆகியவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களால் கை வெட்டப்பட்டவர்களும் வீடு எரிக்கப்பட்டவர்களும் வாக்காளர்கள்தானே? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு 21,000க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தார்கள். ஆண்டுதோறும் தொகையாக ஆறு ஆண்டுகளுக்கு இழப்பீடு கொடுக்கும்படி ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2003இல் அரசு கொடுத்தது ஒரே தடவையாக 30,000 ராண்ட். கொன்றவர் உண்மையைச் சொன்னால் உடனே மன்னிப்பு, இழந்தவருக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு.

எல் சல்வடோரில் இன்னும் மோசம். 1993 மார்ச்சில் உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை வெளியான ஐந்தே நாள்களில் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க 2016 வரை ஆயிற்று.

எழுத்தாணி எழுதியது:

வெண்மணி அம்மா, உங்கள் சினத்தை மதிக்கிறேன். ஆனால் மன்னிப்பு இல்லாவிட்டால் பல போர்கள் நின்றே இருக்காது. சிறைக்குப் போகப்போகிறவன் எதற்காகக் கையெழுத்திடுவான்?

வெண்மணி எழுதியது:

சியரா லியோனில் கையெழுத்திட்டான், மன்னிப்பும் பெற்றான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தத்தில் கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவுக்கு முழு மன்னிப்பும் துணை அதிபருக்கு இணையான தகுதியும் கனிம வளங்களை மேலாண்மை செய்யும் ஆணையத்தின் தலைமையும் கொடுத்தார்கள். கொள்ளையடித்தவனிடமே வைரக் கிடங்கின் சாவி! 2000 மே மாதம் அவருடைய ஆட்கள் ஏறத்தாழ 500 அமைதி காக்கும் படையினரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தார்கள். பிரிட்டன் படை அனுப்பி, ஐநா தன் படையை 17,500 வரை உயர்த்தி, அதற்குப் பிறகுதான் 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்க முடிந்தது. மன்னிப்பு அங்கே அமைதியை வாங்கித் தரவில்லை, பத்து மாத அவகாசத்தை வாங்கித் தந்தது.

லோமேயில் ஐநா பிரதிநிதி தம் கையெழுத்தின் அருகே, இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் போன்றவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்பதே ஐநாவின் புரிதல் என்று பேனாவால் எழுதிச் சேர்த்தார். அன்று அந்தக் குறிப்பை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்? பின்னாளில் சிறப்பு நீதிமன்றம் சங்கோ மீது வழக்குத் தொடர்ந்தபோது அந்தக் கையெழுத்து வரிகள் துணைக்கு வந்தன. அதே நீதிமன்றம், சங்கோவின் படைக்கு உதவிய சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

மட்டுறுத்துநர்:

உரையாடல் நன்றாகச் செல்கிறது. பொது மன்னிப்புக்கென்று தனி இழை தொடங்கினால் மகிழ்வேன். இங்கே தேர்தல் காலத்தைப் பற்றிய கேள்விக்குத் திரும்ப வேண்டுகிறேன்.

ஊர்க்குருவி எழுதியது:

திரும்புகிறேன். எனக்கு ஒரு நம்பர் பிளேட் கதை சொல்ல வேண்டும்.

போஸ்னியாவில் போரை நிறுத்திய டேட்டன் ஒப்பந்தம் 1995 டிசம்பரில் பாரிசில் கையெழுத்தானது. ஒன்பது மாதங்களுக்குள் தேர்தல் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்த கெடு. 1996 செப்டம்பரில் அப்படியே நடத்தினார்கள். போரை நடத்திய மூன்று தேசியவாதக் கட்சிகளும் தத்தம் மக்களிடையே வென்றன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது நாட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக முடியாது. எந்தத் தரப்பு என்பதை வண்டியின் எண் பலகையே காட்டிக்கொடுத்துவிடும், எல்லைக்கோட்டைத் தாண்டினால் கல்லடிதான். எதிர்த்தரப்பு ஊரில் கூட்டம் போட முடியாத நாட்டில் மிதவாத வேட்பாளர் யாரிடம் வாக்கு கேட்பார்?

1998இல் ஒரே மாதிரியான எண் பலகையைக் கட்டாயமாக்கினார்கள். அதில் ஊர்ப் பெயர் இல்லை. இலத்தீன், சிரிலிக் ஆகிய இரண்டு வரிவடிவங்களிலும் ஒரே உருவத்தில் இருக்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுத்து அச்சிட்டார்கள். பலகையைப் பார்த்தால் ஓட்டுபவர் செர்பியரா, குரோசியரா, போஸ்னியாக்கா என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கோட்டைத் தாண்டிப் போக்குவரத்து பெருகியது. பல கோடி டாலர் செலவழித்து நடத்திய நல்லிணக்கப் பட்டறைகள் செய்யாததை ஒரு தகரத் துண்டு செய்தது. என் அளவுகோல் இதுதான்: துப்பாக்கிகளை எண்ணாதீர்கள், எதிர்த்தரப்பு ஊருக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தேர்தலை வையுங்கள்.

மறுகரை எழுதியது:

அழகான எடுத்துக்காட்டு, ஊர்க்குருவி. ஆனால் அந்தப் பலகையைக் கட்டாயமாக்கியவர் யார் என்பதையும் சொல்லியிருக்கலாம். போஸ்னிய மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத, வெளிநாடுகளால் நியமிக்கப்பட்ட உயர் பிரதிநிதி. 1997 டிசம்பரில் பான் நகரில் அவருக்குக் கிடைத்த அதிகாரத்தால் சட்டம் இயற்றலாம், மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கூடப் பதவிநீக்கம் செய்யலாம். 1995இல் படைகளை அனுப்பியபோது ஓராண்டில் திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். டேட்டன் கையெழுத்தாகி முப்பது ஆண்டுகள் கடந்தும் உயர் பிரதிநிதியின் அலுவலகம் மூடப்படவில்லை. நல்ல வேலைகளை எல்லாம் வெளியாள் செய்துவிட்டால், உள்ளூர்க் கட்சிகளுக்குத் தங்கள் மக்களைப் பயமுறுத்தி வாக்கு வாங்குவதைத் தவிர வேறு வேலை இருக்காது. தேர்தலுக்கு முன் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவோம் என்பவர்கள் இந்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

எழுத்தாணி எழுதியது:

அந்த விலையை எழுதிக்கொள்கிறேன். ஆனால் லைபீரியாவின் பிற்பகுதி என் பக்கம் நிற்கிறது. டெய்லர் போன பிறகு, 15,000 ஐநா படையினர் இருந்த நிலையில், இரண்டு ஆண்டுகள் கழித்து 2005இல் தேர்தல் வைத்தார்கள். ஆயுதக் களைவின் எண்களில் பனையோலை சொன்ன ஓட்டைகள் எல்லாம் இருந்தும் போரிட்ட குழுக்கள் கலைந்திருந்தன. எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். தோற்ற ஜார்ஜ் வியா முதலில் மோசடி என்றார், பிறகு விட்டுவிட்டார். 2017இல் அவரே வென்றார். 2023 நவம்பரில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலான வித்தியாசத்தில் ஜோசப் போவாகாயிடம் தோற்றபோது, முழு முடிவு வரும் முன்பே தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். 1997இல் ‘தோற்றால் கொல்வான்’ என்று வாக்களித்த அதே நாடு.

மறுகரை எழுதியது:

லைபீரியாவை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். நீங்கள் தொடங்கிய மொசாம்பிக்குக்கு என்னோடு வாருங்கள். 1994 தேர்தலில் ரெனாமோ ஐந்து மாகாணங்களில் முதலிடம் பெற்றது, 250 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 112 இடங்களையும் பிடித்தது. ஆனால் அந்த ஐந்து மாகாணங்களுக்கும் ஆளுநர்களாக ஆளும் ஃப்ரெலிமோ கட்சியினரே நியமிக்கப்பட்டார்கள். அறக்கட்டளைப் பணம் தீர்ந்தது, அலுவலகமும் காரும் பழசாயின. காட்டில் மிச்சம் வைத்திருந்த ஆயுதக் குழுவை ரெனாமோ கலைக்கவே இல்லை. 2013இல் மறுபடியும் சுடத் தொடங்கியது. நீங்கள் வெற்றி என்று காட்டிய தவணை பத்தொன்பது ஆண்டுகள்தான் தாங்கியது.

கலங்கரை எழுதியது:

பத்தொன்பது ஆண்டுகள் ‘தான்’ என்று எழுத மறுகரையால் முடிகிறது. அந்த ஆண்டுகளில் பிறந்து பள்ளிக்குப் போனவர்களிடம் கேட்டால் வேறு சொல்லைப் பயன்படுத்துவார்கள்.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் அவர்கள் மறுபடி ஒப்பந்தம் செய்தார்கள். மறுகரை கேட்கும் பரிகாரமும் அதையொட்டியே வந்தது. ஆளுநர்கள் இனி நியமிக்கப்பட மாட்டார்கள், மாகாண வாக்கின்படி அமைவார்கள் என்று சாசனம் திருத்தப்பட்டது. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் பத்து மாகாணங்களையும் ஃப்ரெலிமோ வென்றது. ரெனாமோ மோசடி என்றது. இம்முறை அது பெரும் போராகவில்லை. சுமார் 5,000 பேர் ஆயுதத்தை ஒப்படைத்து, கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது. உரோமில் கையெழுத்திட்டு முப்பது ஆண்டுகள் கழித்து.

எழுத்தாணி எழுதியது:

அப்படியானால் அந்தப் பத்து மாகாணங்களில் தோற்றவர்களை 2019இல் காட்டுக்குப் போகாமல் தடுத்தது எது? பந்தயத்தில் இருந்த பங்கு என்று மறுகரை சொல்ல முடியாது, பங்கு பூச்சியம். தவணை என்று நானும் சொல்ல முடியாது, தவணையே இல்லை.

பனையோலை எழுதியது:

வயதாகிவிட்டது, எழுத்தாணி. 1992இல் இருபது வயதில் காட்டில் இருந்தவனுக்கு அப்போது நாற்பத்தேழு. ஒப்படைக்க வந்தவர்களில் பலர் கேட்டது ஓய்வூதியம்.